பேச்சு இல்லை

ஔலுவிலிருந்து வடகிழக்கே இருபதாம் எண் சாலை.
ஜனவரி. காலை ஒன்பது மணி, இன்னும் இருட்டு.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறு.
பின்னிருக்கையில் நான், மடியில் கணினி.
முன்னால் கௌகோ ஹியதலா,
சோதனை ஓட்டுநர் எண் பதினேழு,
கைகள் ஸ்டியரிங்கில், கடிகாரத்தின் பத்திலும் இரண்டிலும்.

விதி எளிது:
கையை எடுக்காமல், கண்ணைத் திருப்பாமல்
வாயால் மட்டும் காரை ஆளவேண்டும்.
சூட்டைக் கூட்டு. கண்ணாடியைத் துடை. ரேடியோவை மாற்று.
எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது,
போகும் ஊர் எது என்று கார் கேட்கும்வரை.

புடஸ்யார்வி.
அவ்வளவுதான் சொல்லவேண்டும்.
உதடு இரண்டும் ஒட்டின,
பிறகு திறக்கவில்லை.
கழுத்து நரம்பு எழுந்தது. இடது கண் சுருங்கியது.
ஸ்டியரிங்கில் கட்டைவிரல் எதையோ தட்டித் தட்டிப் பார்த்தது.
நான்கு நொடி.
"மன்னிக்கவும், நீங்கள் எதுவும் சொல்லவில்லை"
என்றது கார், மிகப் பணிவாக.
மறுபடி. நான்கு நொடி. மன்னிக்கவும்.
மறுபடி.

அந்த நான்கை வைத்தவள் நான்தான்.
மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஹெல்யா ஐந்து என்றாள்,
விற்பனைப் பிரிவு மூன்று என்றது,
சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்தாம் முறை கௌகோ
"தைவல்கோஸ்கி" என்றார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.
வரைபடம் உடனே விரிந்தது.
"அது இன்னும் எழுபது கிலோமீட்டர் தள்ளி அல்லவா?"
"வழியில் இறங்கிக்கொள்ளலாம்" என்றார்.
"நாற்பது வருஷமாக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறேன்."

பன் வாங்கக் கடைக்குப் போய்
தேநீரோடு திரும்பி வருவாராம்.
ஓட்டுவது பால் லாரி.
எங்கள் மொழியிலும் பாலுக்கு உதடு ஒட்டவேண்டும்,
ஆகவே "சரக்கு" என்பார்.
என்ன சரக்கு என்று யாராவது கேட்டால்
"வெள்ளை" என்பார், போலீஸ்காரரிடம்கூட.
நாய்க்கு ஹல்லி என்று பெயர் வைத்தார்.
மணந்தது எய்லாவை.
"அதற்கு வேறு காரணங்களும் இருந்தன" என்று
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.
ஒரு வாழ்க்கையையே உதடு ஒட்டாமல்
எழுதி முடித்திருந்தார் மனிதர்.

அப்போதுதான் சாலை நடுவே கலைமான்.

"போரோ!"

முழுசாக, சுத்தமாக, ஒரே மூச்சில்.
கலைமானுக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர்.
பிரேக். பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கி நின்றது.
பனித்தூள் விளக்கொளியில் மெல்ல அடங்கியது.
எங்கள் மூவரின் மூச்சும் கேட்கும்படி ஓர் அமைதி.
அதில் கார் சொன்னது:
"போர்வோ. தெற்கே அறுநூற்று இருபது கிலோமீட்டர்.
பயணத்தைத் தொடங்கலாமா?"

கௌகோ சிரிக்க ஆரம்பித்தார். நானும்.
சிரிப்பில் யாருக்கும் திக்குவதில்லை.
மான் மட்டும் நின்ற இடத்தில் நின்றது,
எங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி.

மடியில் பதிவேடு திறந்திருந்தது.
9.14, பேச்சு இல்லை.
9.14, பேச்சு இல்லை.
9.15, பேச்சு இல்லை.
9.15, பேச்சு இல்லை.
ஒன்றைத் தொட்டு ஒலியின் கோட்டைப் பெரிதாக்கினேன்.
தட்டையாக இல்லை.
ஓட்டுக்குள் குஞ்சு கொத்துவதுபோல்
சின்னச் சின்ன முட்டல்கள்,
நான்காம் நொடி வெட்டிய இடம்வரை.

கையுறையைக் கழற்றி
நான்கை அழித்து இருபது என்று போட்டேன்.
திங்கட்கிழமைக்குள் அது மறுபடி நான்காகிவிடும்.
ரொம்பச் சண்டை போட்டால் ஐந்து.

"எங்கே போகவேண்டும்?" என்று கேட்டது கார்.

கௌகோவின் உதடுகள் ஒட்டின.
கார் காத்திருந்தது.
பதினொன்றுவரை எண்ணினேன்.
பிறகு எண்ணுவதை விட்டு
மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் இன்னும் நகரவில்லை.